இவருக்குப் பதில் இவர்

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்று முடித்து வீராம்பட்டினம் திரும்பி, கூடையைக் கழுவிக் கவிழ்த்த பிறகு ராத்திரி அரைமணி நேரம்தான் எனக்கென்று இருக்கிறது, அதில் பார்க்கும் சீரியலிலும் ஆளை மாற்றிவிடுகிறார்களே என்று கேட்டிருந்தீர்கள். இதற்கெல்லாமா வருத்தப்படுவார்கள் என்று வீட்டில் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். வருஷக்கணக்காக வீட்டுக்குள் வந்துபோன முகம் திடீரென்று காணாமல் போனால் வருத்தமாகத்தான் இருக்கும்.

தெருக்கூத்தில் போன வருஷம் துரியோதனன் கட்டியவர் இந்த வருஷம் வரவில்லை என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கிரீடமும் அரிதாரமும் துரியோதனனைக் கொண்டுவந்துவிடும். சீரியலில் அது நடக்காது. அங்கே நடிகரின் சொந்த முகம்தான் வேஷம்.

‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ சீரியலில் மூன்று முல்லை பார்த்துவிட்டேன், முதல் முல்லைதான் முல்லை என்கிறீர்கள். மறுக்க மாட்டேன். 2020 டிசம்பர் 9 அன்று, முதல் முல்லையாக நடித்த சித்ரா இறந்த செய்தி வந்தபோது, அந்த சீரியலைப் பார்க்காதவர்கள்கூடக் கலங்கினார்கள். ஆனால் அடுத்து வந்த காவ்யா அறிவுமணியை நினைத்துப் பாருங்கள். ஊரே அழுதுகொண்டிருக்கும்போது அதே வீட்டுக்குள், அதே கதிருக்கு மனைவியாகப் போய் நிற்க வேண்டும். அதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும்! பின்னால் லாவண்யா வந்தார். இவர்கள் யாரும் சித்ராவின் இடத்தைப் பறித்தவர்கள் இல்லை.

என் கோபமெல்லாம் ஆள் மாறும்போது திரையில் காட்டுகிறார்களே, அந்த அட்டையின் மேல்தான். இந்தப் பக்கம் ஒரு படம், அந்தப் பக்கம் ஒரு படம், ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு வரி. சில விநாடிதான். உடனே புதியவர் பழையவர் பாதியில் விட்ட சண்டையைத் தொடர்கிறார். விலகியவருக்கு ஒரு நன்றி கிடையாது, வருகிறவருக்கு ஒரு வரவேற்பும் கிடையாது.

‘எதிர்நீச்சல்’ சீரியலில் நடந்தது இன்னும் பெரிய இழப்பு. ஆதி குணசேகரன் நல்லவனில்லை. வீட்டுப் பெண்களை மிதித்து வைத்திருந்தவன். ஆனால் அந்த வேஷத்தில் மாரிமுத்து “இந்தாம்மா ஏய்” என்று இழுக்கும்போது, நம் சொந்தத்திலேயே இருக்கும் ஒரு பெரிய மனுஷனை அப்படியே கண்முன் நிறுத்தினார். வேட்டியும் சட்டையுமாக உட்கார்ந்த இடத்திலிருந்தே வீட்டை ஆட்டி வைப்பார். 2023 செப்டம்பர் 8 அன்று, அந்தத் தொடருக்கே டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். ‘கண்ணும் கண்ணும்’, ‘புலிவால்’ என்று படங்கள் இயக்கியவருக்கு, வீட்டுக்கு வீடு பெயர் வாங்கிக் கொடுத்தது இந்த வேஷம்தான்.

அந்த இடத்துக்கு வந்தவர் வேல ராமமூர்த்தி. ‘குற்றப் பரம்பரை’ நாவலை எழுதியவர், ராமநாதபுரத்து மண்ணின் ஆள். அவருக்கென்று ஒரு குரல் உண்டு, ஒரு நடை உண்டு. புதியவருக்குப் பழையவரின் பேச்சை எழுதிக் கொடுத்தால் பார்க்கிறவர் ஒப்பிடாமல் என்ன செய்வார்? ஆளை மாற்றினால் வசனத்தையும் அவருக்கேற்ப மாற்றி எழுத வேண்டும். இது எழுதுகிறவர்கள் கடமை.

ஆள் மாறுவதையே கதையாக்கியவர்களும் உண்டு. இங்கிலாந்தில் ‘டாக்டர் ஹூ’ என்ற தொடரில் 1966இல் கதாநாயகனாக நடித்தவருக்கு உடம்பு முடியாமல் போனது. அவருடைய பாத்திரமே உருமாறிப் புதிய உடம்பு எடுக்கிறது என்று கதையிலேயே எழுதிவிட்டார்கள். நம் குடும்பக் கதையில் அப்படிச் செய்ய முடியாதுதான். ஆனால் ஒரு அத்தியாயத்தின் தொடக்கத்தில் இரண்டு நிமிஷம் ஒதுக்கி, விலகியவரின் நல்ல காட்சிகளைப் போட்டு விடைகொடுக்கலாமே!

இரண்டாம் பாகம் என்று வேறு குடும்பத்தோடு புதிதாகத் தொடங்கும்போது எனக்கு இந்த உறுத்தல் இருப்பதில்லை. 2023 அக்டோபரில் ‘பாண்டியன் ஸ்டோர்ஸ் 2’ வந்தபோது, முதல் பாகத்தில் மூத்த அண்ணன் மூர்த்தியாக இருந்த ஸ்டாலின், மூன்று பையன்களுக்கு அப்பாவாக வந்தார். குடும்பமே வேறு என்பதால் நாமும் புதிதாகப் பழகிக்கொண்டோம். ‘எதிர்நீச்ச’லின் இரண்டாம் பாகமான ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ அப்படியில்லை. 2024 டிசம்பரில் அதே வீடு, அதே குணசேகரன், அதே மருமகள்கள். மருமகள்களில் ஒருத்தியான ஜனனியாக மட்டும் பழைய மதுமிதா இல்லை, பார்வதி. மதுமிதாவோ அடுத்த மாதமே விஜய் டிவியில் ‘அய்யனார் துணை’ நிலாவாக வந்துவிட்டார். பழைய ஜனனியின் முகம் இன்னொரு சேனலில் தெரியும்போது புதிய ஜனனி பாடு கஷ்டம்தான்.

அதனால் பார்வதி வந்ததும் டிவியை அணைத்துவிடாதீர்கள் அக்கா. மதுமிதாவைத் தேடாமல் கொஞ்ச நாள் பாருங்கள். அதற்குப் பிறகும் மனசு ஒட்டவில்லை என்றால், எந்தக் காட்சியில் ஒட்டவில்லை என்று எனக்கு எழுதுங்கள். அந்த இரண்டு நிமிஷ விடைகொடுத்தலைக் கேட்டுச் சேனலுக்கும் ஒரு கடிதம் போடுங்கள். நானும் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி