மோட்டார் லாரியின் மின்னணு பிரேக் வால்வு: பழுதறியும் முறையும் மாற்றும் முறையும்

பாப்பிரெட்டிப்பட்டித் தாலுகாவில் விளையும் கரும்பும், குச்சிக்கிழங்கும், மஞ்சளும் அறுவடையான மாத்திரத்தில் பணமாகி விடுவதில்லை. கரும்பு கோபாலபுரத்திலுள்ள சுப்பிரமணிய சிவா கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கும், கிழங்கு சேலத்தைச் சுற்றியுள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்கும், மஞ்சள் மண்டிகளுக்கும் போய்ச் சேர்ந்த பின்னரே விவசாயியின் கைக்குக் கிரயம் வருகின்றது. இவற்றுள் சேலத்துக்குச் செல்லும் சரக்கு, சேர்வராயன் மலைக்குக் கிழக்கே அமைந்த மஞ்சவாடிக் கணவாயைக் கடந்தாக வேண்டும். அவ்வழியில் சுமையேற்றிய லாரிக்கு இன்ஜினைக் காட்டிலும் பிரேக்கே பிரதானம் என்பதை யாவரும் அறிவர். இதே ஜில்லாவில் தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தில், 2020-ஆம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதியும், 2024-ஆம் வருஷம் ஜனவரி 24-ந் தேதியும் லாரிகள் மற்ற வாகனங்களின்மேல் மோதியதில் உயிர்ச்சேதம் நேர்ந்தது நினைவிருக்கும்.

சொந்தமாக லாரி வைத்திருக்கும் நிலச்சுவான்தார்களும், வாடகைக்கு அமர்த்திக்கொள்ளும் விவசாயிகளும் இக்காலத்து லாரியின் பிரேக் அமைப்பைப் பற்றி அறிந்திருக்க வேண்டியவற்றை இப்பாடம் கூறுகின்றது. வேலையைச் செய்பவர் மெக்கானிக்கே. ஆயினும், அவர் செய்த வேலை சரியா, தவறா என்று சோதித்துப் பார்க்கும் அறிவு உடையவருக்கு இருத்தல் வேண்டும்.

1. அமைப்பு

கனரக லாரிகளில் பிரேக்கை இயக்குவது அழுத்திய காற்றாகும். இன்ஜினால் ஓடும் கம்ப்ரஸர் காற்றை அழுத்தித் தொட்டிகளில் சேமிக்கின்றது. அங்கு அதன் அழுத்தம் பெரும்பாலும் 8 முதல் 10 பார் வரை இருக்கும். டிரைவர் மிதியை அழுத்தும்போது இக்காற்று சக்கரங்களின் அருகேயுள்ள பிரேக் அறைகளுக்குச் சென்று, பிரேக் கட்டைகளை டிரம்மின்மேல் அழுத்தச் செய்கின்றது.

காற்றால் இயங்கும் பிரேக்கை அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்பவர் 1869-இல் ரயில் வண்டிகளுக்காக அமைத்தார். காற்று கசிந்துவிட்டால் வண்டியை நிறுத்த வழியில்லை என்னும் குறை அதில் இருந்தது. அவரே சில வருஷங்களுக்குள், காற்று குறைந்தால் பிரேக் தானே பிடிக்கும்படி அதைத் திருத்தி அமைத்தார். இன்றைய லாரியின் பின்சக்கரங்களில் உள்ள ஸ்பிரிங் பிரேக்கும் அத்தத்துவத்தையே பின்பற்றுவது. அங்கே வலிய ஸ்பிரிங் ஒன்றைக் காற்று அடக்கி வைத்திருக்கின்றது. காற்று போனால் ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இவற்றின்மேல் அமைந்ததே மின்னணுப் பகுதி. ஈரச் சாலையில் பலமாகப் பிரேக் பிடித்தால் சக்கரம் சுழலாமல் இறுகிச் சறுக்கும். சறுக்கும் சக்கரம் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது. இதைத் தடுக்க ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் வேகத்தை அறியும் சென்சார் ஒன்று உண்டு. அது அனுப்பும் செய்தியைக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆராய்ந்து, எந்தச் சக்கரம் இறுகுகின்றதோ அதற்குரிய வால்வைத் திறந்து மூடிக் காற்றைக் குறைக்கும். இவ்வால்வுக்கு மாடுலேட்டர் என்று பெயர். இவ்வகை அமைப்பாகிய ஏ.பி.எஸ்., ஐரோப்பிய லாரிகளில் 1981-இல் வந்தது. நம் தேசத்தில் 2015-ஆம் வருஷத்திலிருந்து புதிய கனரக லாரிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

இதற்கும் மேற்பட்ட இ.பி.எஸ். என்னும் அமைப்பில், மிதியின் கட்டளையே முதலில் மின்சாரமாகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சென்று, பின்னர் அச்சின் அருகேயுள்ள மாடுலேட்டருக்குப் போகும். மின்பகுதி செயலற்றால், காற்றே நேராகச் சென்று பிரேக் பிடிக்கும்படி மாற்று வழியும் அதில் அமைக்கப்பட்டிருக்கின்றது.

2. மறைந்திருக்கும் அபாயம்

இந்த மாற்று வழியினால் விளையும் ஒரு தவறான எண்ணத்தை விலக்குவதே இப்பாடத்தின் முக்கிய நோக்கமாகும். மின்னணு வால்வு கெட்ட லாரியும், மிதியை அழுத்தினால் நிற்கவே செய்யும். சமதரையில், வெயில் நாளில், வெறும் வண்டியை ஓட்டிப் பார்ப்பவருக்கு யாதொரு வித்தியாசமும் தெரியாது. ஆகவே, “விளக்கு எரிந்தால் என்ன, வண்டிதான் நிற்கிறதே” என்று பலர் அலட்சியமாக இருந்து விடுகின்றனர். சிலர் விளக்கின் வயரையே கழற்றி விடுவதும் உண்டு. மழை பெய்த வளைவில், சுமையுடன், திடீரென்று பலமாகப் பிரேக் பிடிக்க நேரும் அந்த ஒரு கணத்தில்தான் பழுது வெளிப்படும். அப்போது அதை நிவர்த்திக்க நேரமிராது. வண்டி நிற்கின்றது என்பது பிரேக் சரியாக உள்ளது என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

3. பழுதின் அறிகுறிகள்

அ. சாவியைத் திருப்பியதும் மஞ்சள் நிற எச்சரிக்கை விளக்கு எரிந்து, பின் அணைய வேண்டும். அணையாமலிருப்பது பழுது. சாவியைத் திருப்பியபோது சற்றும் எரியாமலிருப்பதும் பழுதே. அப்போது விளக்கோ வயரோ அறுந்திருக்கக்கூடும்.

ஆ. பிரேக் பிடிக்காத சமயத்திலும் வால்வின் வெளியேற்றுத் துவாரத்தில் காற்று இடைவிடாமல் சீறுதல்.

இ. ஒரு சக்கரம் மட்டும் தாமதித்துப் பிடித்தல் அல்லது தாமதித்து விடுதல். அச்சக்கரத்தின் டிரம் மற்றவற்றைக் காட்டிலும் அதிகமாகவோ குறைவாகவோ சூடேறியிருத்தல்.

ஈ. பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தல்.

4. வால்வுதான் பழுதா?

மேற்கண்ட அறிகுறிகளைக் கண்டவுடன் புது வால்வை வாங்குவது வீண் செலவாக முடியலாம். விளக்கு எரிவதற்கு வால்வைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. கட்டுப்பாட்டுப் பெட்டி தன் நினைவில் பதித்துள்ள பழுதுக் குறியீட்டை உரிய கருவி கொண்டு முதலில் படிக்க வேண்டும். பின்வருவனவற்றையும் பார்த்தல் அவசியம்.

வயலிலும் வண்டிப்பாதையிலும் ஓடும் லாரியில் சேறு அப்பி, சென்சார் தன் இடத்தினின்றும் விலகியிருக்கலாம். நிறுத்தி வைத்த காலத்தில் எலி வயரைக் கடித்திருக்கலாம். யூரியா, பொட்டாஷ் முதலிய உரம் ஏற்றிய வண்டியில், சிந்திய உரம் ஈரத்தில் கரைந்து மின் இணைப்புகளில் களிம்பு பிடிக்கச் செய்யும். கரும்பு ஏற்றுவதற்காக வண்டியின் உடற்பகுதியில் இரும்புக் கால்களை வெல்டிங் செய்வது வழக்கம். பேட்டரியையும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் இணைப்பையும் கழற்றாமல் வெல்டிங் செய்தால், அம்மின்சாரம் பெட்டியைப் பாழ்படுத்தக் கூடும். பருவத் தொடக்கத்தில் வெல்டிங் செய்தபின் விளக்கு எரியத் தொடங்கியதாயின், முதலில் இதையே சந்தேகிக்க வேண்டும்.

வால்வு கெட்டது உறுதியாயின், அது ஏன் கெட்டது என்பதையும் அறிய வேண்டும். பெரும்பாலும் காரணம் காற்றில் கலந்து வரும் நீரும் எண்ணெயுமே. காற்றுத் தொட்டியின் அடியிலுள்ள வடிகாலைத் திறந்து பார்க்க. நீர் வடிந்தால் ஏர் டிரையரிலுள்ள கார்ட்ரிட்ஜ் தன் சக்தியை இழந்தது. எண்ணெய்ப் பசை வந்தால் கம்ப்ரஸர் தேய்ந்தது. அவற்றைச் சீர்செய்யாமல் புது வால்வை மாட்டினால், அதுவும் விரைவில் பழையதன் கதியையே அடையும்.

5. மாற்றும் முறை

முதலாவது, வண்டியைக் கெட்டியான சமதரையில் நிறுத்திச் சக்கரங்களின் இருபுறமும் முட்டுக்கட்டை வைக்க வேண்டும். ஸ்பிரிங் பிரேக் பிடித்துக்கொள்ளும் என்று நம்பிக் கட்டை வைக்காதிருத்தல் கூடாது.

இரண்டாவது, இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்து, பேட்டரியின் நெகடிவ் இணைப்பைக் கழற்றுக.

மூன்றாவது, எல்லாக் காற்றுத் தொட்டிகளையும் முற்றிலும் வடித்து, அழுத்தமானி பூஜ்யம் காட்டிய பின்னரே குழாயில் கைவைக்க வேண்டும். அழுத்தமுள்ள குழாயைக் கழற்றினால் அது சாட்டைபோல் வீசிக் கண்ணைக் கெடுக்கும். ஸ்பிரிங் பிரேக் அறையை எக்காரணம் கொண்டும் பிரிக்கலாகாது. உள்ளிருக்கும் ஸ்பிரிங் வெளிப்பட்டால் ஆளைக் கொல்லும்.

நான்காவது, வால்வின்மேல் படிந்த சேற்றைத் துடைத்து, ஒவ்வொரு குழாய்க்கும் அடையாளமிட்டு, கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு கழற்றுக. துவாரங்களின் அருகே எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 1 என்பது காற்று வரும் வழி. 2 என்பது பிரேக் அறைக்குச் செல்லும் வழி. 3 என்பது வெளியேற்றும் வழி. 4 என எண்ணிட்டிருந்தால் அது கட்டளைக் காற்று வரும் வழி. இவ்வெண்கள் சர்வதேச வழக்கமாதலால் எந்தக் கம்பெனி வால்விலும் இதே பொருளைத் தரும். கழற்றிய குழாய்களின் வாயைச் சுத்தமான மூடியால் அடைத்து வைக்க வேண்டும்.

ஐந்தாவது, புது வால்வின் பாக எண் பழையதன் எண்ணுடன், அல்லது உற்பத்தியாளர் அதற்கு மாற்றாகக் குறித்துள்ள எண்ணுடன் ஒத்திருக்க வேண்டும். உருவம் ஒன்றாயிருப்பது போதாது. வெளியேற்றும் துவாரம் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்துக. மேல்நோக்கி இருந்தால் நீரும் தூசும் உட்புகும். ரப்பர் வளையங்கள் புதியனவாக இருத்தல் அவசியம். மண்ணெண்ணெயிலோ டீசலிலோ வால்வைக் கழுவினால் ரப்பர் ஊதிப்போகும். மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றினால் அதன் நூல்கள் பிய்ந்து வால்வினுள் சிக்கும். ஆகையால் இவ்விரண்டையும் விலக்குக.

ஆறாவது, மின் இணைப்பை உரிய இடத்தில் மாட்டுக. இடப்பக்கத்து வால்வின் இணைப்பை வலப்பக்கத்து வால்வுடன் மாற்றி மாட்டினால், இடச்சக்கரம் சறுக்கும்போது வலச்சக்கரத்தின் பிரேக் தளரும். இது பழைய பழுதைக் காட்டிலும் கொடியது.

ஏழாவது, இ.பி.எஸ். உள்ள வண்டியாயின், பெரும்பாலும் புது மாடுலேட்டரை உற்பத்தியாளரின் கம்ப்யூட்டர் கொண்டு அவ்வண்டிக்கு இசைவிக்க வேண்டியிருக்கும். ஆதலால் இதை உரிய கருவியுள்ள பட்டறையிலேயே செய்விக்க வேண்டும். வேறு லாரியில் கழற்றிய பழைய மாடுலேட்டரை வாங்கி மாட்டுவது சிக்கனமாகாது.

6. வேலை முடிந்தபின் சோதனை

உடையவர் அருகிலிருந்து பார்க்க வேண்டிய சோதனைகள் இவை.

(அ) இன்ஜினை ஓட்டித் தொட்டிகள் நிரம்பியபின் நிறுத்தி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவுக. குமிழி எழுந்தால் கசிவு உள்ளது.

(ஆ) முட்டுக்கட்டை வைத்தபடியே ஹாண்ட் பிரேக்கை விடுவித்து, மிதியை அழுத்திப் பிடித்து, முதல் இறக்கம் நின்றபின் 1 நிமிஷம் அழுத்தமானியைக் கவனிக்க. தனி லாரியில் ஒரு நிமிஷத்தில் 3 பவுண்டுக்கு, அதாவது சுமார் 0.2 பாருக்கு, மேல் குறையலாகாது என்பது அமெரிக்காவில் டிரைவர்களுக்குக் கற்பிக்கப்படும் விதி. நாமும் இதை அளவாகக் கொள்ளலாம்.

(இ) சாவியைத் திருப்புக. பல வண்டிகளில் அப்போது வால்வுகள் ஒவ்வொன்றாக ‘டக்’ என ஒலிக்கும். ஒருவர் கீழே நின்று ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஒலி வருவதைக் கேட்க வேண்டும். வரிசை மாறி ஒலித்தால் மின் இணைப்பு மாறியுள்ளது எனத் தெளியலாம்.

(ஈ) பழுதுக் குறியீட்டை அழித்தபின், வெறும் வண்டியைப் போக்குவரத்தில்லாத சமதரையில் மெதுவாக ஓட்டிப் பிரேக் பிடித்துப் பார்க்க. சில வண்டிகளில் சிறிது தூரம் ஓடிய பின்னரே விளக்கு அணையும். அது அணைந்து, மீண்டும் எரியாமலிருந்தால்தான் சுமை ஏற்றலாம்.

7. வால்வு செய்ய இயலாதது

புது வால்வு மாட்டியதனால் மலைப்பாதையில் வேகமாக இறங்கலாம் என்று எண்ணுதல் பெரும் பிழை. 25 டன் எடையுள்ள லாரி 200 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, ஏறக்குறைய 165 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இன்ஜின் தாங்காத பங்கு முழுவதும் பிரேக் டிரம்களிலேயே வெப்பமாகச் சேரும். சூடேறிய டிரம் பிடிப்பை இழக்கும். அவ்விழப்பை எந்த மின்னணு வால்வும் ஈடுசெய்யாது. இறக்கம் தொடங்குமுன் கீழ் கியருக்கு மாற்றுதல், எக்ஸாஸ்ட் பிரேக்கை உபயோகித்தல், நியூட்ரலில் ஓட்டாதிருத்தல், அளவுக்கு மேல் சுமை ஏற்றாதிருத்தல் ஆகியவையே இதற்குப் பரிகாரம்.

8. பொறுப்பு யாருடையது?

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு, அபாயம் விளைக்கக்கூடிய குறையுள்ள வண்டியை ஓட்டுபவரை மட்டுமன்றி, ஓட்டச் செய்பவரையும் ஓட்ட அனுமதிப்பவரையும் பொறுப்பாளியாக்குகின்றது. குறையை அறிந்திருந்தாலும், சாதாரணக் கவனத்தால் அறிந்திருக்கக் கூடியதாயினும் பொறுப்பு உண்டு. கண்ணெதிரே எரியும் விளக்கை அறியேன் என்று எவரும் சொல்ல இயலாது.

ஆகையால், லாரி உடையவர்கள் தினந்தோறும் தொட்டியின் நீரை வடிக்கச் செய்து, அறுவடைப் பருவம் தொடங்குமுன் ஏர் டிரையரையும் வால்வுகளையும் சோதிப்பிப்பார்களாக. வாடகைக்கு அமர்த்துவோர், சுமை ஏற்றுமுன் டிரைவரிடம் சாவியைத் திருப்பச் சொல்லி, விளக்கு எரிந்து அணைவதைத் தாமே பார்ப்பார்களாக. இதற்குக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம். கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும், கரும்பு வெட்டுக்கும் கிழங்கு பிடுங்குவதற்கும் லாரிகள் வந்து கூடும் நாட்களில் இச்சோதனையை எல்லோருக்கும் எடுத்துச் சொல்லி வழக்கமாக்குதல் நலம். விளக்கு அணையாத லாரியில் சரக்கை ஏற்றாமல், பழுதை நீக்கும் வரையில் அதைக் களத்திலேயே நிறுத்தி வைக்க வேண்டும். அதனால் ஒரு நாள் தாமதமும் கரும்பின் எடையில் சிறிது குறைவும் நேரலாம். அந்நஷ்டத்தை அடுத்த நடையில் ஈடுசெய்துகொள்ளலாம்.