பார்ஸிகளும் ஓசூர்ப் பெண்களின் கம்பெனியும்



மலாக்காவில் கடை வைத்திருக்கும் நமக்குத் தோட்டத்து நிலை தெரியாததல்ல. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் அதுவும் போய் வீட்டு மனையாகிவிட்டது. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பெண்கள் நம்மிடம் கடன் சொல்லிச் சாமான் வாங்குகிறார்கள். நாமும் இரக்கப்பட்டுப் பாதிக் கணக்கைத் தள்ளுபடி செய்கிறோம். நோன்பு மாதத்தில் அரிசி கொடுக்கிறோம். ஆனால் மறு வருடமும் கடன் நோட்டில் அதே பெயர்தான் நிற்கிறது. இவ்விஷயத்தில் பார்ஸிகள் சம்பந்தப்பட்ட ஒரு ஏற்பாட்டை நாம் கவனிப்பது நல்லது.

பார்ஸிகள் ஜரதுஷ்டிர மதத்தவர். ஈரானிலிருந்து குஜராத் கரைக்கு வந்து குடியேறியவர்கள். 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியா முழுவதிலும் அவர்கள் 57,264 பேரே. நம்மைப் போலவே கடல் கடந்து வந்து வியாபாரத்தால் முன்னேறியவர்கள். 1839இல் நவ்ஸாரியில் மதகுருமார் குடும்பத்தில் பிறந்த ஜாம்ஷெட்ஜி டாட்டாவை அறியாதவர் இல்லை. அவருடைய மக்கள் இருவரின் சொத்தும் 1919லும் 1932லும் ஏற்பட்ட தர்ம ஸ்தாபனங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. டாட்டா குழுமத்தின் தலைமைக் கம்பெனியில் நூற்றுக்கு 66 பங்கு இன்று இப்படிப்பட்ட தர்ம ஸ்தாபனங்களின் கையில் இருக்கிறது. நமக்குப் புரியும்படி சொன்னால், கடையின் பெரும்பங்கையே வக்பு செய்தது போல.

ஆயினும் அந்தப் பெரிய நன்கொடைகளைப் பற்றி எழுத நாம் பேனாவை எடுக்கவில்லை. ஓசூரில் நடந்தது வேறு விதம்.

டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாக 1984இல் டைட்டான் கடிகாரக் கம்பெனியைத் தொடங்கின. அதை ஆரம்பித்து நடத்தியவர் ஸெர்க்ஸஸ் தேசாய் என்ற பார்ஸி. 2016இல் காலமானார். தொழிற்சாலை அமைந்த ஓசூரைச் சுற்றிலும் கேழ்வரகு விளையும் மானாவாரிக் கிராமங்கள். மழை பொய்த்தால் பெண்களுக்குக் கூலி வேலையும் கிடையாது. அக்கிராமங்களில் மைராடா என்னும் தொண்டு நிறுவனம் பெண்களைச் சிறு சேமிப்புக் குழுக்களாகச் சேர்த்து வைத்திருந்தது. 1990களின் நடுவில் கடிகாரக் கம்பெனி இக்குழுக்களுக்கு வேலை கொடுத்தது. கைக்கடிகாரத்தின் உலோகச் சங்கிலியில் சிறு சிறு கண்ணிகள் இருக்கின்றனவே, அவற்றைக் கோத்துப் பொருத்தும் வேலை. கூர்மையான கண்ணும் பொறுமையான விரலும் வேண்டும். களை பறித்த விரல்கள் அதைக் கற்றுக்கொண்டன.

பொருளும் பயிற்சியும் கம்பெனி கொடுத்தது. தரம் பார்த்தே சரக்கை ஏற்றுக்கொண்டது. இரக்கத்துக்காக ஓட்டைச் சரக்கை வாங்கியிருந்தால் இரண்டு மாதத்தில் எல்லாம் முடிந்திருக்கும்! இதைவிட முக்கியம், அப்பெண்கள் கூலிக்காரிகளாக நின்றுவிடவில்லை. மீடோ என்ற பெயரில் கம்பெனி அமைத்து அவர்களே பங்குதாரர்கள் ஆனார்கள். கூலி வாங்குபவள் வாரக் கடைசியில் போய்விடுவாள். பங்கு உள்ளவளோ வருட முடிவில் உட்கார்ந்து கணக்குக் கேட்பாள். இந்த வித்தியாசத்தைக் கூட்டு வியாபாரம் செய்த நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

இதில் டைட்டானுக்கும் இலாபம் உண்டு என்று சிலர் குறை சொல்லலாம். நாம் அதைக் குறையாக எண்ணவில்லை. இரு பக்கமும் இலாபம் இருந்தால்தான் வியாபாரம் நிற்கும். நமக்குத் தோன்றும் ஆபத்து வேறு. ஒரே வாடிக்கைக்காரரை நம்பிய கடை, அவர் முகம் திருப்பினால் என்ன ஆகும்? இந்தக் கேள்வி ஓசூருக்கும் உண்டு.

நம் நாட்டில் ஏழைப் பெண்களுக்குச் சிறு கடன் கொடுக்க 1987 முதல் அமானா இக்தியார் இருக்கிறது. கடன் வாங்கித் தைத்த சாமானை யார் வாங்குவது? அங்கேதான் வியாபாரி வேண்டும்.

பலகாரம், மசாலைத்தூள் என்று உடனே சிலர் சொல்வார்கள். தின்பண்டத்துக்கு ஹலால் சான்றிதழ், சமையற்கூட அனுமதி எல்லாம் பார்க்க வேண்டும். அது பிறகு ஆகட்டும். தையல் எளிது. தலையணை உறை, மேசை விரிப்பு, கடைப் பை இவற்றை நாம் மொத்தமாக வெளியிலிருந்து வாங்கித்தானே விற்கிறோம்? ஜாசின், அலோர் காஜா பக்கம் தையல் தெரிந்த பெண்களைத் தேடினால் கிடைப்பார்கள். துணியை நாம் வெட்டிக் கொடுத்து, ஒரு மாதிரியும் கொடுத்து, ஐந்து பேரைச் சேர்த்து நூறு உறை தைக்கச் சொல்லலாம். சரக்கை எடுத்து இரண்டு மாதம் கழித்துப் பணம் கொடுக்கும் நம் வழக்கம் மட்டும் இங்கே உதவாது. எண்ணி வாங்கிய அன்றே கூலியை எண்ணிக் கொடுத்துவிட வேண்டும். பெருநாள் வியாபாரத்துக்குச் சரக்கு வேண்டுமானால், நோன்புக்கு மூன்று மாதம் முன்னதாகவே துணி அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.