புகையிலைப் பழக்கமும் தொலைபேசிச் சிகிச்சையும்

2016–17ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தோரில் 28.6 சதவிகிதத்தினர், அதாவது சுமார் 26.7 கோடிப் பேர், புகையிலையைப் பயன்படுத்தினர். புகைப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் அதைக் கைவிட எண்ணியிருந்தனர். ஆயினும், ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவமனைக்குச் செல்வது ஏழைத் தொழிலாளிக்கு எளிதன்று.

இக்குறையை நீக்க, மத்திய சுகாதார அமைச்சகம் 2016இல் இரு ஏற்பாடுகளைச் செய்தது. முதலாவது, 'எம்-செசேஷன்' திட்டம். தில்லி எண் ஒன்றுக்கு 'மிஸ்டு கால்' கொடுத்துப் பதிவு செய்தால், பழக்கத்தை விடுவதற்கான அறிவுரைகள் குறுஞ்செய்திகளாக வந்து சேரும். இரண்டாவது, தில்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிலையத்தில் தொடங்கப்பெற்ற கட்டணமற்ற ஆலோசனைத் தொலைபேசி (1800-11-2356). இதில் ஆலோசகர், பழக்கத்தை விடும் நாளை அழைப்பவருடன் கலந்து குறித்து, பின்னர் தாமே அழைத்து விசாரிப்பார்.

இத்தகைய சிகிச்சையின் செலவை ஏற்பது யார் என்பதே அடிப்படைக் கேள்வியாகும். அமெரிக்காவில் போதைப் பழக்கச் சிகிச்சைக்கென 2017இல் அரசு அனுமதி பெற்ற 'ரீசெட்' செயலியை விற்ற நிறுவனம், காப்பீட்டாளர்கள் போதிய அளவு பணம் தர முன்வராமையால் 2023இல் திவாலாயிற்று. நம் நாட்டிலோ பொது நிதியே இச்செலவை ஏற்றது. பயனாளிக்கு ஒரு காசும் செலவில்லை.

எனினும், குறுஞ்செய்தியைப் படிக்க இயலாதோரும், சொந்தக் கைப்பேசி இல்லாத மகளிரும் விடுபட்டுப்போகக் கூடாது. ஆகவே, கருவி பெருகும்போது ஆலோசகர்களின் எண்ணிக்கையும் பெருகுதல் இன்றியமையாதது.