ஆங்கில வகுப்புக்குக் கட்டிய பணம்

கேள்வி: மகளின் ஆங்கில வகுப்புக்கு ஆறு மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினேன். இரண்டாம் மாதமே வகுப்பு நின்றுவிட்டது. பணம் திரும்பக் கிடைக்குமா?
– ஒரு தாய், ஜோர்ஜ்டவுன்

பதில்: கேளுங்கள் அம்மா, அது உங்கள் உரிமை. முதலில் மையத்துக்குக் கடிதம் எழுதி, பணத்தைத் திருப்பித் தரக் கெடு வையுங்கள். வாய்ப்பேச்சு உதவாது. ரசீது, வகுப்பு அட்டவணை, வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழித்துவிடாதீர்கள். மசியவில்லையா? மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுச் செய்யுங்கள். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞர் தேவையில்லை. மனு எழுதத் தயக்கமென்றால், 1969 முதல் இயங்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை நாடுங்கள்.

அடுத்த முறை ஒரு மையத்தில் சேர்க்கும் முன் அதன் பதிவைச் சரிபாருங்கள். சுவரில் மாட்டிய சான்றிதழை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். நிறுவனப் பதிவு வேறு, கல்வி அமைச்சின் பதிவு வேறு. டிப்ளோமா தருவதாகச் சொன்னால், மலேசியத் தகுதிகள் முகமையின் (எம்.கியூ.ஏ.) பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயரையே தேடுங்கள். கல்லூரிப் பெயர் மட்டும் போதாது.