எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள்?

வணிகர் சங்கங்களும் சிறுதொழில் அமைப்புகளும் நடத்தும் தொழில் சந்திப்புகளில் இப்போது சமூக ஊடக விளம்பரம் தவறாமல் இடம்பெறுகிறது. மேடையில் பேசுபவர் இலட்சக்கணக்கான பார்வைகளைத் திரையில் காட்டுவார். அதைக் கேட்டுக்கொள்வதில் தவறில்லை. ஆயினும் நாம் கற்க வேண்டியது பெரும்பாலும் தேநீர் இடைவேளையில், நம்மைப் போன்றே கடை நடத்தும் ஒருவரிடம்தான் கிடைக்கும். முகவரி அட்டையைக் கொடுத்துவிட்டு நகராமல் அவரிடம் நாம் கேட்க வேண்டியது இது: “விளம்பரத்துக்கு எவ்வளவு செலவாயிற்று? அதைப் பார்த்து எத்தனை பேர் பணம் கொடுத்து வாங்கினார்கள்?”

வீட்டில் ஊறுகாய் தயாரித்து விற்பவர் ஒருவர் இன்ஸ்டாகிராமில் 3,000 ரூபாய்க்கு விளம்பரம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 60 பேர் விசாரிக்கிறார்கள். 12 பேர் வாங்குகிறார்கள். ஆக, ஒரு வாடிக்கையாளரைப் பெற 250 ரூபாய் செலவு. ஒருவர் வாங்குவதில் மிஞ்சும் இலாபம் 100 ரூபாய் என்றால், முதல் மாதத்தில் 1,800 ரூபாய் நட்டம். ஆனால் அந்தப் பன்னிருவரில் ஆறு பேர் மாதந்தோறும் மீண்டும் வாங்கினால், அடுத்த மூன்று மாதங்களில் அந்த நட்டம் ஈடாகிவிடும். விளம்பரம் இலாபமா நட்டமா என்பதை இங்கே தீர்மானிப்பது ஊறுகாயின் சுவையே.

விசாரித்துவிட்டு வாங்காமல் போன 48 பேரைப் பற்றியும் யோசிக்க வேண்டும். விலையைக் குறிப்பிடாமல் தனிச்செய்தியில் கேட்கச் சொல்வது, மறுநாள் பதில் அனுப்புவது, அனுப்பும் கட்டணத்தைக் கடைசியில் சொல்வது ஆகியவை வந்தவரைத் திருப்பி அனுப்பும் வழிகள். இவற்றைச் சரிசெய்யப் பணம் வேண்டியதில்லை. வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசமானது. அதில் பொருள்களைப் படத்துடனும் விலையுடனும் பட்டியலிடலாம். கடை மூடியிருக்கும் நேரத்துக்குத் தானியங்கிப் பதிலும் அமைக்கலாம். ஒரே செய்தியை 256 பேர் வரை உள்ள ஒரு பட்டியலுக்கு அனுப்பலாம். ஆனால் நம் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்போருக்கே அது போய்ச் சேரும். ஆகவே கடைக்கு வருபவரிடம் இசைவு கேட்டு, எண்ணைப் பதிந்துகொள்ளச் சொல்வது பயனுள்ள விளம்பரமாகும்.

பின்தொடர்வோரை விலைக்கு வாங்கித் தருவதாகச் சொல்பவர்களை அணுகவே வேண்டாம். அந்தக் கணக்குகள் ஊறுகாய் வாங்குவதில்லை. பணம் பெற்றுக்கொண்டு ஒருவர் நம் பொருளைப் புகழ்ந்தால், அது விளம்பரம் என்று அவர் வெளிப்படையாகக் கூற வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 10 இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கப்படலாம்.

புதிய வாடிக்கையாளர்களோடு மோசடிக்காரர்களும் வருவார்கள். பணம் செலுத்தியதாக அவர்கள் அனுப்பும் திரைப்படத்தை மட்டும் நம்பிச் சரக்கை அனுப்பாமல், கணக்கில் வரவானதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பணம் பெறுவதற்கு யுபிஐ இரகசிய எண்ணை இடத் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்கலாம்.

விளம்பரச் செலவையும் விற்பனை வரவையும் வீட்டுக் கணக்கோடு கலக்காமல், தொழிலுக்கென ஒரு தனிக் கணக்கில் வைப்பது நல்லது. மேற்சொன்ன 250 ரூபாய்க் கணக்கை மாதந்தோறும் போட அந்த அறிக்கையே போதும். கடன் கேட்டு வரும் நாளில் கிளை மேலாளர் முதலில் கேட்பதும் அதைத்தான்.