பழைய தறிவீட்டில் வயரிங் மாற்றுகிறீர்களா?

ஆரணியின் பழைய தறிவீடுகளில் மரச்சட்டத்தில் ஓடும் இரண்டு கம்பி வயரிங் இருந்தால், எர்த் இருக்காது. குழித்தறியில் வெறுங்காலை மண்ணில் ஊன்றி உட்காருபவருக்கு ஷாக் கடுமையாகத் தாக்கும்.

1. லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்து எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். மூன்று துளை பிளக்பாயின்ட் இருப்பதாலேயே எர்த் இருப்பதாக ஆகாது.

2. பிளக்பாயின்ட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் முடிச்சுப் போட விடவே விடாதீர்கள். நியூட்ரல் அறுந்தால் கிரைண்டர், தார் சுற்றும் மோட்டார் எல்லாவற்றின் பாடியிலும் கரன்ட் ஏறிவிடும். செலவு மிச்சம் என்று இதற்குத் தலையாட்டாதீர்கள், போவது உயிர்.

3. தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டாதீர்கள். நடுவே பிளாஸ்டிக் துண்டு வந்தால் தொடர்பு அறும்.

4. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்துங்கள்; கரன்ட் கசிவு வந்த நொடியில் இணைப்பைத் துண்டிக்கும்.

5. கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த மண்ணில் கரன்ட் சரியாக இறங்காது.