மரத்தில் திருகு வெட்டும் முறை

ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையாளாத அறிவியல் மாணவர் நம்மில் இரார். புரியிடைத் தூரத்தை எழுதி மதிப்பெண்ணும் பெற்றுவிட்டோம். ஆயின், உலகின் முதல் திருகை எதைக்கொண்டு வெட்டினர்? கடைசல் இயந்திரத்துக்கே வழிகாட்ட ஒரு திருகு வேண்டுமே!

விடை தச்சுப்பட்டறையில் இருக்கிறது. திருகு என்பது உருளைமீது சுற்றிய சாய்தளம். 21 மி.மீ. விட்டமுள்ள மரக்கோலின் சுற்றளவு 66 மி.மீ. அடி 660, உயரம் 50 மி.மீ. கொண்ட செங்கோண முக்கோணத்தைத் தாளில் வெட்டி, உயரப் பக்கத்தைக் கோலின் நீளவாக்கில் ஒட்டிச் சுற்றினால், சாய்ந்த விளிம்பு 5 மி.மீ. இடைவெளியில் பத்துப் புரிகளை வரைந்து தரும். அக்கோட்டின்மேல் மெல்லிய வாளால் 3 மி.மீ. ஆழம் அறுத்துக்கொள்ள வேண்டும்.

இனி, கோல் நுழையும் துளையுள்ள கட்டையொன்றில் இரும்புத் தகட்டைச் செருகி, அதன் விளிம்பை அந்த அறுவாயில் பொருத்துக. கோலைத் திருப்பினால் அது சும்மா சுழலாது. சுற்றுக்கு 5 மி.மீ. முன்னேறும். கோலின் நுனியில் பழைய அரத்துண்டை 90 பாகைக் கோணமாகத் தீட்டிப் பதித்தால், எதிரே இறுக்கிய பலகையின் 21 மி.மீ. துளையில் மரை விழும். ஒரே முறையில் ஆழமாக வெட்டலாகாது. ஒவ்வொரு முறையும் அலகின் அடியில் ஓர் அட்டைத்துண்டு சேர்த்து, 2.5 மி.மீ. ஆழம் வரை செல்லலாம். அலெக்சாந்திரியாவின் ஹீரோ என்பார் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே மரத்தில் மரை வெட்டும் கருவியை விளக்கியுள்ளார்.

மரை பிறந்தபின் திருகு எளிது. மரைப் பலகையின் வாயிலில், புரி தொடங்குமிடத்தில் கூரிய உளியைப் பதித்து, முன்னே 26 மி.மீ. வெற்றுத்துளைப் பலகையைச் சேர்த்துவிட்டால், உளி வெட்டிய புரி உடனே மரைக்குள் புகுந்து கோலைத் தானே இழுத்துச் செல்லும். வெட்டியதே வழிகாட்டியாகிறது! இதனினும் அழகான ஏற்பாட்டை நான் பாடநூலில் கண்டதில்லை.

இத்திருகின் சாய்வு சுமார் 4 பாகை. காய்ந்த மரத்தின்மேல் மரம் வழுக்கத் தொடங்கும் சாய்வோ பொதுவாக 14 பாகைக்கு மேல். ஆதலின் இறுக்கிய மரக் கிளாம்பு தானாகத் தளராது. உப்புக்காற்று இரும்பைத் தின்னும் அந்தமானில் இது சிறு நன்மையன்று.

மரத்துக்கும் இங்குப் பஞ்சமில்லை. சாத்தம் தீவின் மர அறுவை ஆலை 1883-இல் தொடங்கியது. இங்குள்ள படாக்கு மரம் நம் வேங்கையின் இனம். இங்கு வந்த பின்னரே நான் அதைக் கண்டேன். அதன் இழைகள் மாறிமாறிப் பின்னிக் கிடப்பதால் புரிமுகடு சிதறக்கூடும். நேரிழையுள்ள துண்டைத் தேர்ந்து, ஆளி எண்ணெய் தடவி, கோலை 26-க்குப் பதில் 25.5 மி.மீ. ஆகக் கடைந்துகொண்டால் முகடு தட்டையாகி நிற்கும். மழைக்காலத்தில் மரம் உப்பினாலும் திருகு சிக்காது.